பந்தும் பந்தியும்

தொலைவில் இருப்பவனோடு மனிதன் போட்டியிடுவதில்லை. கடலுக்கு அப்பால் எவனோ ஒருவன் மாடி வீடு கட்டினால் நம் உறக்கம் கெடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரன் கீற்றைப் பிரித்து ஓடு போட்டால்தான் நெஞ்சு உறுத்துகிறது. தனி மனிதருக்குள்ள இந்த இயல்பு ஊர்களுக்கும் உண்டு. நம் தேர் உயரமா, நம் ஆலய மணியோசை தூரம் கேட்குமா, நம் திருவிழாவுக்குக் கூட்டம் மிகுதியா என்பதையெல்லாம் நாம் அடுத்த ஊரை வைத்தே அளக்கிறோம். அடுத்த ஊர் என்ற ஒன்று இல்லாவிட்டால் நம் ஊருக்குத் தன்னைப் பற்றிய நினைவே இராது போலும்!

நற்செய்தி ஏடுகளிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. நாசரேத்தூர் இயேசுவைக் கண்டுகொண்டோம் என்று பிலிப்பு ஓடிவந்து சொன்னபோது, அந்த ஊரிலிருந்து நல்லது ஏதும் வரக்கூடுமா என்று நத்தனியேல் ஐயுற்றார். இந்த ஐயத்திற்கு விரிவுரையாளர் பலர் பலவாறு பொருள் கூறுவர். ஆயினும் அதே யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம், நத்தனியேல் கானாவூரைச் சேர்ந்தவர் என்ற ஒரு சிறு குறிப்பைத் தருகிறது. கானா, நாசரேத்திலிருந்து ஒரு காலை நடையில் சென்று சேரும் ஊர். ஆக, நத்தனியேலின் சொல்லில் வேதநூல் ஆராய்ச்சியோடு பக்கத்து ஊர்க்காரனுக்கே உரிய இளக்காரமும் கலந்திருந்ததென்று கொள்வதில் தவறில்லை. ஆண்டவர் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கபடமற்றவர் என்று பாராட்டினார். தம் முதல் அரும் அடையாளத்தையும் அந்தக் கானாவூரிலேயே, ஒரு திருமணப் பந்தியிலேயே நிகழ்த்தினார்.

இந்த இளக்காரமும் இந்தப் பந்தியும் நம் காலத்தில் சந்திக்கும் இடங்களுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் ஆடும் கால்பந்தாட்டமே அது. பெரிய கழகங்களின் அட்டவணையில் இடம் பெறாத, செய்தித்தாளில் ஒரு வரியும் வராத ஆட்டம். ஆனால் அன்று மாலை அந்த இரண்டு ஊர்களிலும் வேறு பேச்சு இராது.

காரைக்காலில் வாழும் நமக்கு இதில் தனி ஈடுபாடு ஏற்படக் காரணம் உண்டு. 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சியர் கைக்கு வந்த இந்நிலப்பகுதி, 1954 நவம்பர் முதல் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. ஆயினும் பழைய எல்லை மறையவில்லை. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மண், கிழக்கே கடலும் மற்ற மூன்று புறமும் தமிழ்நாடும் சூழப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு துண்டாக நிற்கிறது. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைக் கடந்தாலும் தமிழ்நாடு. ஒரே காவிரி பாயும் வயல்கள், ஒரே பேச்சு, கொண்டும் கொடுத்தும் வாழும் உறவுகள். ஆனால் வரப்புக்கு அப்பால் வேறு அரசு, வேறு வரி, வேறு குடும்ப அட்டை. இங்கே அடுத்த ஊர் என்பது சில வேளைகளில் அடுத்த மாநிலமும் ஆகிவிடுகிறது.

இரு பங்குகளின் ஆட்டம்

அயலூர் அணிகள் மோதும் ஆட்டத்தை ஆங்கிலேயர் டெர்பி என்பர். இப்பெயர் டெர்பிப் பிரபு 1780இல் தொடங்கிய குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது என்பது ஒரு சாரார் கொள்கை. டெர்பி என்ற நகரில் நடந்த பழைய பந்தாட்டத்திலிருந்து வந்தது என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவற்றுள் எது சரியாயினும், அந்தப் பழைய ஆட்டம் கத்தோலிக்கரான நாம் அறிந்திருக்க வேண்டியதே. ஏனெனில் அது இரண்டு பங்குகளுக்கு இடையே நடந்த ஆட்டம்.

டெர்பி நகரின் அனைத்துப் புனிதர் பங்கும் புனித பேதுரு பங்கும், தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாயன்று மோதிக்கொள்ளும். அணிக்குப் பதினொருவர் என்ற கணக்கெல்லாம் அப்போது இல்லை. பங்கில் உள்ள உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவருமே அணி. தெருக்கள் ஆடுகளம், டெர்வென்ட் ஆறும் ஆடுகளம். ஒரு பங்கின் இலக்கு நகரின் ஒரு கோடியில், மற்றதன் இலக்கு மறு கோடியில். கடைகள் அடைக்கப்படும், எலும்புகள் முறியும். நோன்புக்கு முன் ஊர் தன் முரட்டுத்தனத்தையெல்லாம் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துக்கொள்ளும். 1846இல் அரசு குதிரைப்படையை வரவழைத்து இந்த ஆட்டத்தை அடக்கியது. அத்தோடு டெர்பியில் அது முடிந்தது.

ஆனால் அண்மையிலுள்ள ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் அதே வழக்கம் இன்றளவும் நீடிக்கிறது. ஊரின் நடுவே ஓடும் ஹென்மோர் ஓடைக்கு வடகரையில் பிறந்தவர் ஓர் அணி, தென்கரையில் பிறந்தவர் மற்றோர் அணி. இலக்குகளுக்கு இடையே உள்ள தொலைவு மூன்று மைல். தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயும் திருநீற்றுப் புதனும் ஆட்ட நாட்கள். இத்தனை முரட்டு ஆட்டத்திற்கும் சில விதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, கல்லறைத் தோட்டத்திலும் ஆலய வளாகத்திலும் பந்தைக் கொண்டு நுழையலாகாது என்பது.

இந்த விதியை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்ப் போட்டியை ஒழித்துவிட முடியாது என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தனர். ஆகவே அதற்கு நாள் குறித்தனர், எல்லை வகுத்தனர், இறந்தோர் துயிலும் இடத்திலும் இறைவன் உறையும் இடத்திலும் பகை நுழையாதபடி கோடு கிழித்தனர். டெர்பியில் போட்டியை அதிகாரம் அடக்கியது. ஆஷ்போர்னில் ஊரே அதற்கு வரம்பு கட்டியது. அடக்கப்பட்டது அழிந்தது, வரம்புக்குள் நின்றது வாழ்கிறது.

குருவானவரும் ஆசிரியரும்

காரைக்காலை ஆண்ட பிரெஞ்சு நாட்டுக்கு வருவோம். அங்கே கால்பந்து பரவியதில் பங்கு ஆலயங்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதை நம்மவர் பலர் அறியார். பங்குதோறும் சிறுவரையும் இளைஞரையும் கூட்டி வளர்க்கும் மன்றங்கள் அந்நாட்டில் இருந்தன. அம்மன்றங்களின் உடற்பயிற்சிச் சங்கங்களை ஒன்றிணைக்கும் பணியை 1898இல் தொடங்கியவர் பால் மிஷோ என்ற கத்தோலிக்க மருத்துவர். அந்த இயக்கத்தில் வளர்ந்தவர் ஷார்ல் சிமோன். பல கால்பந்து அமைப்புகளை ஒன்று சேர்க்க 1907இல் உருவான குழுவை நடத்திய அவர், 1915இல் உலகப் போரில் உயிர் நீத்தார். அவர் நினைவாக ஏற்பட்டதே பிரெஞ்சுக் கோப்பை. முதல் இறுதியாட்டம் போர் முடியுமுன்பே, 1918 மே மாதத்தில் நடந்தது. சிற்றூர்ச் சங்கமும் பெருநகர்க் கழகமும் ஒரே கோப்பைக்கு மோதலாம் என்பதே அப்போட்டியின் சிறப்பு.

அந்தக் கோப்பைக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொலைதூர உறவுண்டு. 1861ஆம் ஆண்டின் ஆங்கில, பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் காரைக்கால் துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் பலர் ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களைச் சென்றடைந்தனர். இன்று அத்தீவின் மக்களில் கணிசமானோர் அவர்கள் வழிவந்தோர். அத்தீவிலுள்ள சேன் பியேர் நகரின் சங்கம், 2020 சனவரியில் பிரெஞ்சுக் கோப்பைக்காக ஆயிரக்கணக்கான மைல் பறந்து சென்று, நியோர் நகரின் தொழில்முறை அணியை 2–1 என வென்றது. கடலோரச் சிற்றூரும் அரங்கேறலாம் என்று பங்கு மன்றத்து மனிதர்கள் வகுத்த வழியில் ஒரு தீவே நடந்து காட்டியது!

பங்குத்தந்தையரே நிறுவிய கழகங்களும் உண்டு. பிரான்சின் ஓசேர் நகரில் அருள்தந்தை தேஷான் 1905இல் தொடங்கிய இளைஞர் சங்கம், 1996இல் நாட்டின் முதல் நிலைக் கழகமாக வாகை சூடியது. அதன் அரங்கு இன்றும் அக்குருவின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆர்ஜென்டினாவின் புவெனோஸ் அயிரெஸ் நகரில் தெருவில் பந்து விளையாடிய சிறுவன் ஒருவன் டிராம் வண்டியில் அடிபடாமல் மயிரிழையில் தப்பியதைக் கண்ட சலேசிய சபைக் குரு லொரென்சோ மாசா, ஆலயத்தின் பின்புற முற்றத்தை அச்சிறுவர்களுக்குத் திறந்துவிட்டார். ஞாயிறு திருப்பலிக்கு வர வேண்டும் என்பதொன்றே அவர் கேட்ட விலை. அவர் பெயரால் 1908இல் அமைந்த சான் லொரென்சோ கழகமே, 2025இல் இறையடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறு வயது முதல் நேசித்த கழகம்.

ஆனால் பிரெஞ்சு வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1905இல் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. அக்காலத்துப் பிணக்கு சிற்றூர்வரை இறங்கிற்று. ஒரே ஊரில் குருவானவர் ஒரு சங்கம் வைத்தார். அரசுப் பள்ளி ஆசிரியர் மற்றொரு சங்கம் வைத்தார். ஞாயிறு பிற்பகலில் அவ்விரண்டும் மோதியபோது உருண்டது தோல் பந்து மட்டுமன்று. நாட்டின் பிளவே அங்கு உருண்டது. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பிணக்கு ஆறியது. காரணம் எளிது. எதிரணி இல்லாமல் ஆட்டம் இல்லை. ஆசிரியரின் சங்கம் அழிந்தால் குருவானவரின் சங்கம் யாரோடு ஆடும்?

கஞ்சிக்காகப் பிறந்த கழகம்

எல்லா இடங்களிலும் பிணக்கு ஆறிவிடவில்லை. ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகர வரலாறு நம்மை நெடுநேரம் சிந்திக்க வைப்பது.

பஞ்சத்தாலும் வறுமையாலும் அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்த கத்தோலிக்கர் அந்நகரின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வந்தனர். அவர்களுக்கு ஒரு வேளை உணவளிக்க மரிஸ்ட் சபைத் துறவி சகோதரர் வால்ஃபிரிட் வழி தேடினார். 1887 நவம்பரில் புனித மரியாள் ஆலய மண்டபத்தில் கூடி ஒரு கால்பந்துக் கழகத்தை நிறுவினர். நுழைவுச் சீட்டால் கிடைக்கும் பணம் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு. இதுவே செல்டிக் கழகத்தின் பிறப்பு.

அக்கழகம் தன் முதல் ஆட்டத்தை 1888 மே 28 அன்று ஆடியது. எதிரணி அதே நகரின் ரேஞ்சர்ஸ் கழகம். செல்டிக் 5–2 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியினரும் ஆலய மண்டபத்துக்குச் சென்று சேர்ந்து உண்டனர், பாட்டும் நடந்தது. உலகின் மிகக் கடுமையான அயலணிப் பகைகளுள் ஒன்றின் முதல் நாள் இப்படித்தான் முடிந்தது என்பதை இன்று யார் நம்புவார்?

சகோதரர் வால்ஃபிரிட் 1892இல் லண்டனுக்கு மாற்றலாகிச் சென்றார். 1897இல் கழகம் பங்குதாரர் நிறுவனமாக மாறியது. வெற்றியும் வருவாயும் பெருகின. பின்வந்த ஆண்டுகளில் ஒரு கழகம் கத்தோலிக்க ஐரிஷ்காரரின் அடையாளமாகவும், மற்றது புரொட்டஸ்டண்ட் மக்களின் அடையாளமாகவும் இறுகின. கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத விதி ரேஞ்சர்ஸ் கழகத்தில் நெடுங்காலம் நிலவியது. 1989இல் மோ ஜான்ஸ்டன் என்ற முன்னாள் செல்டிக் வீரரைச் சேர்த்தபோதுதான் அது வெளிப்படையாக உடைந்தது. செல்டிக் கழகம் வேறு சபையாரைச் சேர்த்துக்கொண்டதுதான். 1967இல் அதை ஐரோப்பாவின் முதற்கழகமாக்கிய பயிற்சியாளர் ஜாக் ஸ்டெயின் புரொட்டஸ்டண்டுகாரரே. ஆயினும் அரங்கின் இரு புறத்திலிருந்தும் எழுந்த வசைப் பாடல்களில் கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய இரு மக்களும் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டதை யார் மறுக்க முடியும்?

1971 சனவரி 2 அன்று இவ்விரு கழகங்களும் ஐப்ராக்ஸ் அரங்கில் மோதின. ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது ஒரு படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் மாண்டனர். அம்மாதமே இரு கழகங்களின் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து, இறந்தோர் குடும்ப நிதிக்காக ஸ்காத்லாந்து அணியோடு ஆடினர். சாவு வந்து சேர்த்துவைத்த பின்னரே சேர்வோம் என்பது எவ்வளவு துயரமான பிடிவாதம்!

எங்கே தவறியது? கழகம் பெருகியதிலா? வெற்றி பெற்றதிலா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. முதல் நாள் இரவு ஆலய மண்டபத்தில் போடப்பட்ட அந்தப் பந்தி வழக்கமாகத் தொடராமற் போனதே முதல் இழப்பு. ஆட்டம் தொடர்ந்தது; பந்தி நின்றது. அதன் பிறகு அவன் யாரென்று அறிய அவன் கொடியும் பாட்டும் மட்டுமே மிஞ்சின.

கங்கைக் கரையில்

நம் நாட்டின் சான்று கொல்கத்தா. 1889இல் பிறந்த மோகன் பகான் கழகமும் 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் கழகமும் 1925 முதல் லீக் ஆட்டங்களில் மோதி வருகின்றன. முன்னது மேற்கு வங்க மண்ணின் மைந்தருடையது. பின்னது கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோருடையது. 1947இல் நாடு துண்டாடப்பட்டு, வீடும் நிலமும் இழந்த இலட்சக்கணக்கானோர் கொல்கத்தாவின் ஓரங்களில் குடிசை போட்டபோது, அவர்களுக்குத் தலைநிமிர்ந்து சொல்ல இருந்த சிலவற்றுள் ஈஸ்ட் பெங்காலின் வெற்றியும் ஒன்று. அவர்கள் வென்றால் சந்தையில் இல்சா மீன் விலை ஏறும். மோகன் பகான் வென்றால் இறால் விலை ஏறும் என்பது வங்காளத்தார் வேடிக்கைப் பேச்சு.

வேடிக்கை ஒரு நாள் விபரீதமாயிற்று. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்ட அரங்கில் இரு கழக ஆதரவாளர்க்கு இடையே எழுந்த கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் கொல்கத்தாவில் கால்பந்து அன்பர்கள் இரத்த தானம் செய்கின்றனர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாகக் கொடுக்கும் இரத்தம். அதில் மோகன் பகான் இரத்தம், ஈஸ்ட் பெங்கால் இரத்தம் என்ற பாகுபாடு ஏது?

2024 ஆகஸ்டிலும் ஒரு காட்சி கண்டோம். கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் கொடூரமாகக் கொலையுண்ட செய்தி நாட்டை உலுக்கியிருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த இரு கழகங்களின் ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. ஆட்டம் இல்லாவிட்டாலும் ஆதரவாளர் வந்தனர். பச்சையும் அரக்கும் கலந்த கொடியினர், சிவப்பும் பொன்னிறமும் கலந்த கொடியினர் இருவரும் அரங்கின் வெளியே தோளோடு தோள் நின்று அப்பெண்ணுக்கு நீதி கேட்டனர். நூறாண்டுப் போட்டியில் அவர்கள் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவேதான் ஒரே நாளில் ஒன்றுகூட முடிந்தது. போட்டியும் ஒருவகை உறவே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் கரையில்

தமிழ்க் கடற்கரையில் பங்கும் பந்தும் பிரியாமல் வளர்ந்த இடம் குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு மீனவ ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. 1956 நவம்பர் முதல் நாள் அவை தமிழகத்தோடு சேர்ந்தன. ஆயினும் திருச்சபை நிர்வாகத்தில் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. எல்லைக் கோட்டுக்கு இரு புறமும் கால் வைத்து வாழும் வாழ்க்கை காரைக்காலாருக்குப் புதிதன்று. அந்த ஊர்களில் அடுத்த பங்கை வெல்வது பெரும் பேறு. அந்தப் போட்டியே சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர் பலரைத் தந்தது. மைக்கேல் சூசைராஜ் தூத்தூர் வட்டாரத்து மணலிலிருந்து புறப்பட்டு நாட்டின் முதல் நிலைக் கழகங்களில் ஆடினார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அந்த ஊர்களின் ஆழ்கடல் மீனவரை வாரிச் சென்றபோது, கரையில் எந்த ஊர்க்காரன் என்று கேட்டு எவரும் அழவில்லை.

நம் காரைக்கால் பக்கத்து நிலை சற்று வேறு. இங்கே எல்லாச் சமயத்தாரும் கலந்து வாழும் சிற்றூர்கள். பங்கு அணி என்பதைவிட ஊர் அணியே மிகுதி. சென்ற கோடையில் நம் பங்கு இளைஞர் சிலர் அழைக்க, எல்லைக்கு இப்பாலுள்ள ஓர் ஊரும் அப்பாலுள்ள ஓர் ஊரும் ஆடிய ஆட்டத்தைக் காணச் சென்றோம். ஊர்ப் பெயர்களைத் தவிர்க்கிறோம். ஆறிவரும் புண்ணைக் கிளறுவானேன்? சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆட்டத்தின் முடிவில் கட்டையும் கல்லும் பறந்து, வழக்குகள் பதிவாகி, இரு ஊர்களும் பேச்சு வார்த்தை இன்றிப் போயிருந்தன. அதனால் நின்ற ஆட்டம் அன்றுதான் மீண்டும் நடந்தது.

உளுந்து அறுத்து முடிந்த வயல்தான் ஆடுகளம். சவுக்குக் கம்புகளை நட்டு, பழைய மீன்வலையைக் கட்டி இலக்கு அமைத்திருந்தனர். கோடுகளுக்குச் சுண்ணாம்புத் தூள். ஒலிபெருக்கியில் ஒருவர் விடாமல் வருணனை செய்தார். வரப்பில் பெரியவர்கள், பனைமர நிழலில் பெண்கள், மாட்டு வண்டி மேலும் டிராக்டர் மேலும் சிறுவர்கள். மாங்காய்ப் பத்தையும் சுண்டலும் விற்றவர் இரு ஊருக்கும் பொதுவானவர். ஆடியவர்களில் பாதிப் பேர் வெறுங்காலர்.

இரு ஊர்ப் பெரியோரும் முன்பே கூடி மூன்று நிபந்தனைகளை வகுத்திருந்தனர். நடுவர் மூன்றாம் ஊரிலிருந்து வர வேண்டும். குடித்துவிட்டு வருபவன் எவனாயினும் களத்தை நெருங்கலாகாது. அவனை அவன் ஊர்க்காரரே வெளியேற்ற வேண்டும். வரி வேறுபாட்டால் எல்லையோரங்களில் மதுக்கடைகள் மலிந்துள்ள நம் பகுதியில் இந்த நிபந்தனையின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, ஆட்டத்தை நடத்தும் ஊர் இரு அணியினருக்கும் சோறு போட வேண்டும்; அவர்களும் உண்டுவிட்டே கலைய வேண்டும்.

ஆட்டம் மேன்மையாக இருந்ததென்று சொல்ல மாட்டோம். பந்து இருமுறை வாய்க்காலில் விழுந்தது. இரண்டாம் பாதியில் வந்த ஊரின் முன்கள ஆட்டக்காரனை நடத்தும் ஊர்ப் பையன் ஒருவன் காலை வாரினான். கூட்டம் எழுந்தது. வரப்பிலிருந்து நாலைந்து பேர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தனர். அந்த ஒரு நொடியில் பழைய ஆண்டு மீண்டு வருமோ என்று நெஞ்சம் அஞ்சியது. அப்போது நடத்தும் ஊரின் முதியவர் ஒருவர், கையில் தடியோடு, தம் ஊர்க்காரரை நோக்கியே நடந்தார். எதிரூராரை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. “நம்ம பய செஞ்சது தப்பு, உள்ள போங்கடா” என்ற அவர் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே எட்டியது. கூட்டம் அமர்ந்தது. வந்த ஊர் 2–1 என வென்றது.

பின்பு பந்தி. வாழை இலையில் சோறும் மீன் குழம்பும். இரு அணியினரும் முதலில் ஊர் ஊராகவே எதிரெதிர் வரிசையில் அமர்ந்தனர், பேச்சும் அதிகமில்லை. பரிமாறிய பெண்கள் மட்டும் இந்த வரிசை, அந்த வரிசை என்று பாராமல் அள்ளி வைத்தனர். மறுசோறு கேட்கும் நேரத்தில்தான் ஓரிரு கேலிச் சொற்கள் வரிசை தாண்டின. முழு ஒப்புரவு நடந்துவிட்டது என்று கூறத் துணியோம். ஆனால் அடுத்த ஆண்டு ஆட்டம் எல்லைக்கு அப்பால் என்றும், சோறு அவர்கள் பொறுப்பு என்றும் கைகழுவும் இடத்திலேயே பேசி முடித்தனர்.

தமிழில் பந்து என்றால் உருண்டை. உறவினர்க்கும் பந்து என்றே பெயர். சேர்ந்துண்ணும் வரிசையோ பந்தி. இச்சொற்கள் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஆனால் நம் நாவில் அவை அடுத்தடுத்து வாழ்கின்றன.

நமக்குரிய கடமை

ஊர்ச் சண்டை வருமென்று அஞ்சிப் போட்டிகளை நிறுத்திவிடுவதே எளிய வழியாகப் பல பங்குகளில் தோன்றுகிறது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, கல்லடி பட்ட பிள்ளையின் தாய்க்கு டெர்பியின் வரலாறு ஆறுதல் தராது. ஆனால் ஆட்டத்தை நிறுத்துவதால் பகை நிற்பதில்லை. வருடத்தில் ஒரு மாலை களத்தில் மோதியவர்கள், அதன்பின் ஆண்டு முழுவதும் பேருந்து நிறுத்தத்திலும் சாராயக் கடையிலும் மோதுகின்றனர். களத்துக்காவது கோடு உண்டு, நடுவர் உண்டு, முடிவு மணி உண்டு.

ஆகவே பங்குப் பேரவையினரும் இளைஞர் மன்றத்தாரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் அணி வென்றதா என்பதற்கு முன், தோற்றவன் நம் வீட்டில் உண்டானா? கோப்பைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைப் பந்திக்கு ஒதுக்குகிறோமா? தவறு செய்தவன் நம்மவன் என்றால் அவனை நோக்கி முதலில் நடப்பவர் நம்மிடையே உண்டா? திருப்பலியில் ஒரே அப்பத்தைப் பகிரும் மக்கள் அடுத்த ஊரோடு ஒரு வேளைச் சோற்றைப் பகிரத் தயங்கினால், நம் பலிபீடத்துக்கு என்ன பொருள்?

இறுதியாக ஒரு பந்துக்காவலரை நினைவுகூர்வோம். போலந்தின் வடோவிட்சே நகரில், 1930களின் தொடக்கத்தில், கத்தோலிக்கச் சிறுவரும் யூதச் சிறுவரும் இரு அணியாகக் கால்பந்து ஆடுவது வழக்கம். பந்துக்காவலராக ஆடிய ஒரு கத்தோலிக்கச் சிறுவன், யூத அணியில் ஆள் குறைந்த நாட்களில் அவர்களுடைய இலக்கைக் காத்து நின்றான். தன் ஊராலயத்துத் தோழர்கள் உதைத்த பந்துகளைத் தடுத்தான். கரோல் வொய்த்திவா என்பது அவன் பெயர். அந்த யூதத் தோழர்களுள் பலருடைய குடும்பங்கள் பின்னர் நாசி வதைமுகாம்களில் அழிந்தன. அதே சிறுவன் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக 1986 பெப்ரவரியில் சென்னைக்கு வந்து நம்மை ஆசீர்வதித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று உரோமை யூதரின் தொழுகைக்கூடத்தில் காலடி வைத்தார். உரோமையில் அவருக்குக் கடைசிவரை நெருக்கமாயிருந்தவர்களுள் ஜெர்சி குளூகர் என்ற அந்தப் பழைய யூதத் தோழரும் ஒருவர்.

வரும் கோடையில் நம் ஊர் ஆடும்போது, அடுத்த ஊருக்கு ஆள் குறைந்தால் அவர்கள் இலக்கில் போய் நிற்க நம் பிள்ளைகளுள் ஒருவனாவது அணியமாக இருப்பானா? அப்படி ஒருவனை வளர்த்துவிட்டால், கோப்பை எந்தக் கரைக்குப் போனாலும் நம் பங்குக்கு இழப்பில்லை.